என் மகளின் ஊசி வேளையைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை என்பதால் மாத்திரையோ பத்தியமோ மட்டும் போதாது, ஊசிதான். முதலில் கேட்ட ஒரு பள்ளியில், "ஊசி மருந்துக்கெல்லாம் நாங்கள் பொறுப்பாக முடியாது" என்று கையை விரித்துவிட்டார்கள். இங்கே தலைமையாசிரியை கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் போடணும்?"

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். வகுப்பு ஆசிரியை பாடத்தை நிறுத்தாமலே கடிகாரத்தைக் காட்டுவார், இவள் எழுந்து ஆசிரியர் அறைக்குப் போவாள். கழிப்பறையில் ஒளிந்து போட்டுக்கொள்ளும் பிள்ளைகளின் கதைகளைக் கேட்டிருக்கிறேன். என் மகளுக்கு நாற்காலி, மேசை, கை கழுவத் தண்ணீர் எல்லாம் கிடைத்தன. டீச்சர், இதற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

ஊசி போட்ட பிறகு சோறு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்யும் அக்கா இதை ஒரே முறை கேட்டுப் புரிந்துகொண்டார். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இவள் தட்டு முதலில் வரும். கலவைச் சாதம் தினமும் அதே கரண்டியில் அதே அளவு, கூடவே முட்டை. இத்தனை யூனிட் இன்சுலின் என்று கணக்குப் போட எனக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பள்ளியில் ஃபிரிட்ஜ் இல்லை. நம் ஊர் வெயிலோ சொல்ல வேண்டியதில்லை. திறந்த இன்சுலின் குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் ஏறத்தாழ 4 வாரம் தாங்கும் என்று அரசு மருத்துவமனை சிஸ்டர் சொல்லி, பெரிய பானையில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்னப் பானை வைக்கும் முறையையும் காட்டிக்கொடுத்தார். காலையில் மணலுக்குத் தண்ணீர் ஊற்றுவது வகுப்புப் பிள்ளைகளின் முறைவேலை. திறக்காத குப்பிகள் பள்ளிக்கு எதிர்வீட்டு ஆச்சியின் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும். உறைந்துவிட்டால் வீண் என்பதால் ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறார். பால் பணியாரத்தில்தானே சர்க்கரை என்று வெள்ளைப் பணியாரமாகச் சுட்டுத் தருகிறார். அரிசியும் சர்க்கரைக் கணக்குத்தான் ஆச்சி! ஆனாலும் கணக்கில் சேர்த்துச் சாப்பிடுகிறாள்.

விளையாட்டு ஆசிரியருக்குத்தான் பெரிய கடன். ஒருநாள் கோ-கோ பயிற்சியில் இவள் தோழியிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்திருக்கிறாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளாமல், "சார், இவளுக்கு சுகர் இறங்கிடுச்சு" என்று ஓடியிருக்கிறாள். வேர்த்துக் கை நடுங்க, ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியில் 54 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். சார் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார், 92. முதலில் அவர் வாங்கி வைத்திருந்தது கடலைமிட்டாய். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும் என்று சிஸ்டர் சொன்னதும் மாற்றிவிட்டார். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்று தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

அப்புறம், பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் மூடி வைத்து, மாதாமாதம் மருத்துவமனைக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பள்ளி உதவியாளர் அண்ணனுக்கும் நன்றி.

விளையாட்டு ஆசிரியர் இந்த மாதம் சிவகங்கைப் பக்கம் மாறுதலாகிப் போகிறார். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். அவர் இடத்துக்கு வந்திருக்கும் சார் நேற்றே போன் செய்து, குளுக்கோஸ் பாக்கெட்டில் தேதி முடியப்போகிறது, புதிது வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார், திங்கட்கிழமை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா