பழைய வண்டியின் பிரேக் ஹோஸைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய எஸ்யூவி வண்டிகளைப் பராமரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயர், பேட்டரி, ரேடியேட்டர், பிரேக் பேட் என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள், ஆனால் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் பற்றி ஒரு வரிகூட இல்லை. 20 வருடம் ஓடிய எஸ்யூவி ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த ஹோஸால் ஒருமுறை நன்றாகப் பயந்தும் இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், முடிந்தால் முழுதாகப் போடுங்கள்.

போன வருடம் ஒரு நாள் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. ரோட்டின் சாய்வு என்று நினைத்தேன். சமதரைக்கு வந்த பிறகும் இழுத்தது, கூடவே தீய்ந்த வாசனை. நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. வண்டிக்குள் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆறவிட்டு, மெதுவாக ஓட்டிவந்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பேட் மாற்றினார்கள். ஒரு வாரம் சரியாக இருந்தது, அப்புறம் அதே இழுப்பு. காலிப்பரை (பேடுகளை டிஸ்கின்மேல் அழுத்துகிற பாகம்) பிரித்து பிஸ்டன் ரப்பர் கிட் போட்டார்கள், மறுபடியும் அதே. மூன்றாவது முறை வேறொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை ஒருமுறை மிதித்து விடச் சொன்னார். சக்கரம் சுற்றவில்லை. ஹோஸும் இரும்புக் குழாயும் மேலே சேரும் இடத்தில் நட்டை லேசாகத் தளர்த்தினார், அப்போதும் சுற்றவில்லை. காலிப்பரில் ஏர் எடுக்கும், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தார், ஆயில் பீச்சியடித்தது, சக்கரம் உடனே சுற்ற ஆரம்பித்தது. "மேலே திறந்தா விடலை, கீழே திறந்தா விடுது, அப்போ நடுவுல அடைச்சிருக்கு" என்றார். ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். உள் ரப்பர் ஊறிப் பருத்து, ஊசி நுழைகிற அளவுக்குத்தான் துளை மிச்சம் இருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று பிறகுதான் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். பிரேக் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் சேஸிஸ் நெடுக இரும்புக் குழாயில்தான் போகிறது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும், முன்சக்கரம் என்றால் திரும்பவும் செய்யும். அங்கேயும் இரும்புக் குழாயையே கொண்டுபோனால் ஒடிந்துவிடும். அந்த ஒரு முழத் தூரத்துக்குத்தான் ரப்பர் ஹோஸ். உள்ளே ஒரு ரப்பர் குழாய், அதன்மேல் நூல் பின்னல், அதற்கும் மேலே வெயில், மழை, சேறு தாங்குகிற ரப்பர் உறை. நம் கண்ணுக்குத் தெரிவது அந்த உறை மட்டும்தான், பழுதாவது பெரும்பாலும் உள்ளே. உள் ரப்பர் உரிந்து நாக்குபோலத் தொங்கினால் ஒருவழிக் கதவு மாதிரி ஆகிவிடும். நாம் மிதிக்கும்போது அந்த விசை அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலை எடுத்ததும் ஆயில் திரும்பி வரவேண்டும், ஆனால் டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலின் சின்னத் துள்ளல் மட்டும்தான். அந்தச் சின்ன விசையால் அடைப்பைத் திறக்க முடியாது. பிரேக் பிடித்தபடியே நிற்கும், டிஸ்க் சூடாகும், ஆயிலும் சூடாகும்.

எனவே சக்கரம் சூடானால் நேராகக் காலிப்பர் மேல் பழி போடாதீர்கள். பழைய வண்டி என்றால் முதலில் ஹோஸைச் சந்தேகப்படுங்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவெடுத்ததும் அடுத்த கேள்வி வந்தது, பழையபடி ரப்பரா, இல்லை ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸா. இளைஞர்கள் பலர் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். அதில் உள்குழாய் டெஃப்ளான், மேலே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும், பழசாக ஆக அதிகமாக உப்பும், அதனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஸ்டீல் பின்னல் அவ்வளவு உப்பாது, பெடல் கெட்டியாக இருக்கும், எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்பது காலுக்குத் தெளிவாகத் தெரியும். அது உண்மை. ஆனால் வண்டி நிற்கும் தூரம் இதனாலேயே பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தத் தூரத்தை முடிவுசெய்வது டயரும் பேடும் டிஸ்கும் ரோடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 20 வருட ஹோஸைக் கழற்றிவிட்டுப் புது ஸ்டீல் ஹோஸ் போட்டு, புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்து ஓட்டிப் பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியத்தான் செய்யும், ஆனால் அதில் பெரும்பங்கு "புது" என்பதால் வந்தது. புது ரப்பர் ஹோஸ் போட்டிருந்தாலும் அதில் நிறைய கிடைத்திருக்கும்.

ஸ்டீல் பின்னலுக்கும் வியாதி உண்டு. மேலே பிளாஸ்டிக் உறை இல்லாத வகை என்றால் மணல் பின்னலுக்குள் புகுந்து உள்குழாயை அராவிவிடும். அந்தப் பின்னல் எதன்மேல் உரசினாலும் ரம்பம் மாதிரி அறுக்கும், பக்கத்தில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஒயர் போனால் அதைக்கூட விடாது. டெஃப்ளான் குழாய் கூர்மையாக மடிந்தால் மடிந்ததுதான், ரப்பர் மாதிரி நிமிராது. உள்ளே என்ன ஆச்சு என்பதும் வெளியே தெரியாது. அதனால் வெளி உறை போட்ட, நுனியில் வளைவைத் தாங்குகிற அமைப்பு உள்ள, முறையான சோதனை முடித்த ஹோஸை மட்டும் வாங்குங்கள். என் கருத்தைக் கேட்டால், சாதாரண ரோட்டில் குடும்பத்தோடு போய்வருபவருக்குத் தரமான புது ரப்பர் ஹோஸே தாராளம். காட்டுப்பாதையில் ஓட்டுபவர்களும் வண்டியை உயர்த்தியவர்களும் ஸ்டீல் பின்னலுக்குப் போகலாம். நான் ரப்பரே போட்டேன், பெடல் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

முறையான சோதனை என்றேனே, அதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 என்ற வாகனப் பாதுகாப்பு விதிப்படி செய்த ஹோஸ்களில் டிஓடி என்ற எழுத்துகள் இருக்கும். அந்த விதியின் சோதனைகளில் ஒன்று, ஹோஸை 35 மணி நேரம் விடாமல் இயந்திரத்தில் ஆட்டி அடிப்பது, அதுவரை வெடிக்கக் கூடாது. 4000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தத்தை 2 நிமிடம் தாங்கவும் வேண்டும். அந்த விதிப்படி வரும் ரப்பர் ஹோஸின் மேல் தயாரித்த தேதியும் அச்சாகியிருக்கும், வாங்கும்போது அதைப் படியுங்கள். பெட்டி புதிது என்பதற்காக ஹோஸும் புதிது என்று ஆகாது, அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும்.

அதே ரப்பர் ஹோஸில் எதிரெதிர்ப் பக்கமாக நீளவாக்கில் இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள். பல பேர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கோடு! மாட்டி முடித்ததும் கோடு நேராகப் போக வேண்டும், கொடி சுற்றினமாதிரி போனால் முறுக்கு இருக்கிறது என்று அர்த்தம், கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். முறுக்கோடு விட்டால் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஹோஸின் கழுத்தில் சுமை விழும். என் மெக்கானிக் மாட்டி முடித்துவிட்டு ஸ்டீரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பச் சொல்லி, சக்கரம் தொங்கும் நிலையிலும் தரையில் நிற்கும் நிலையிலும் இரண்டு தடவை பார்த்தார். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவரிடம் பிரேக் வேலை கொடுக்காதீர்கள்.

வண்டியை உயர்த்தியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2 அங்குலம் உயர்த்தினாலே, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது கம்பெனி ஹோஸ் விறைத்துக்கொண்டு நிற்கலாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றிவிட்டு ஹோஸை அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஒரு பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் ஹோஸ்தான் ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் கயிறாகிவிடும். நீளமான ஹோஸ் போடுங்கள், ஆனால் ரொம்ப நீளமாகவும் வேண்டாம், தொங்கி டயரில் உரசும்.

அப்புறம் பின்பக்க நடு ஹோஸ். இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பின்னால் ஒரே நீள ஆக்சில் உள்ள பழைய எஸ்யூவிகள் பலவற்றில் சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்கு ஒரே ஒரு ஹோஸ் இறங்கும், இரண்டு பின்சக்கரத்துக்கும் அதுதான் வழி. சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லாததால் டயர் கழற்றும்போது கண்ணில் படாது. முன்னால் இரண்டையும் மாற்றிவிட்டு "எல்லா ஹோஸும் மாத்தியாச்சு" என்று பில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குனிந்து எண்ணிப் பாருங்கள். மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் புதிது ஒரு பக்கம் பழசு என்று விடாதீர்கள்.

நாம் பிரேக் ஆயில் என்று சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது, இதையும் உங்கள் கட்டுரையில் யாராவது எழுதியிருக்கலாம். அது எண்ணெய் வகையே இல்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று டப்பாவில் போட்டு வரும் வகைகள் எல்லாம் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சேர்ந்த திரவம். ஆயில் என்கிற பெயரை நம்பி அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ ஸ்டீரிங் ஆயிலோ ஊற்றிவிட்டால் ஹோஸ், சீல், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் எல்லாமே ஊதிப் போய்விடும். ஊற்றிய அன்றே தெரியாது, மெல்ல மெல்லப் பிரேக் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், பிரேக் இருக்காது. ஹோஸ் மாற்றும்போது பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கோன் வகை, 5.1-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம், மற்றவற்றோடு கலக்கவும் கூடாது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் நில்லுங்கள். காலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்கவிட்டால் தடுங்கள், ஒரு கம்பியால் கட்டச் சொல்லுங்கள். ஆயில் ஒழுகாமல் இருக்க ஹோஸைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிப் பிடிப்பார்கள், அது உள் ரப்பரைக் கிழித்துவிடும். ஹோஸ் நுனியின் இரண்டு பக்கமும் வரும் செம்பு வாஷர்கள் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும், பழசையே போட்டால் கசியும். இரும்புக் குழாய் நட்டுகளைச் சாதாரண ஸ்பேனரால் திருகி முனை மழுங்கடித்தால் குழாயையும் மாற்ற வேண்டிவரும், அதற்கென்று இருக்கிற பிளேர் நட் ஸ்பேனர்தான் சரி. ஏர் எடுக்கும்போது பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதி வருடக்கணக்காக யாரும் தொடாத இடம், அங்கே துருவும் அழுக்கும் படிந்திருக்கும், பிஸ்டன் ரப்பர் அதுவரை போனால் கிழிந்துவிடும். ஹோஸ் மாற்றின மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போனது என்று புலம்புகிறவர்கள் சிலருக்கு நடந்தது இதுதான். ஏபிஎஸ் உள்ள வண்டியில் டப்பாவில் ஆயில் வற்றி ஏர் உள்ளே போய்விட்டால் சில மாடல்களில் ஸ்கேனர் மாட்டித்தான் ஏர் எடுக்க வேண்டியிருக்கும், அதனால் டப்பாவை வற்றவே விடக் கூடாது.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்பார்கள். சில மோட்டார் சைக்கிள் கையேடுகளில் 4 வருடம் என்று போட்டிருக்கிறார்கள், பல கார் கையேடுகளில் "பார்த்து மாற்றவும்" என்பதோடு சரி. பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கு என் வண்டியே சாட்சி. 10 வருடம் தாண்டிய வண்டியில் ஹோஸ் எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை என்றால் அதையே காரணமாக வைத்து மாற்றிவிடுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்களும் பெயிண்டையும் சீட்டையும் பார்த்த கையோடு, டார்ச் அடித்து ஹோஸின் இரண்டு நுனியையும் பார்க்கட்டும், லேசாக வளைத்துப் பார்த்தால் பொடிப்பொடி வெடிப்புகள் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையோடு ஒரு பராமரிப்பு அட்டவணை போட்டிருந்தீர்கள், அதை வெட்டி வைத்துக்கொள்ளவும் சொல்லியிருந்தீர்கள். அடுத்த முறை அதைப் போடும்போது பிரேக் ஹோஸ் என்று ஒரு வரி சேர்த்து, முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்று எழுதுங்கள். முடிந்தால் நீளவாக்கில் அறுத்த பழைய ஹோஸின் படம் ஒன்றும் போடுங்கள். என்னிடம் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்