பிடித்த மீனை ஏன் விடுகிறேன் என்று கேட்டாயே

அபர்டீன், ஸ்காட்லாந்து,
அக்டோபர் கடைசி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்த செய்தியைப் படித்ததும் செல்வி தங்கச்சிக்குப் போன் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரப் பேச்சு. கல்யாண விவரம் இப்போது உன்னைவிட எங்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைக்கிறேன். தை மாதம் என்றால் எப்படியும் வந்துவிடுவோம். முட்டி வலியை மட்டும் தள்ளிப்போடாதே. குன்னூர் மேட்டில் தினம் ஏறி இறங்குகிறவன் நீ. பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் எடின்பரோவுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். எண்ணெய் கம்பெனி வேலை முடிந்து நான் வீட்டோடு இருப்பது எனக்குப் பழகிவிட்டது, செல்விக்குத்தான் இன்னும் பழகவில்லை. அதனால்தான் நான் ஆற்றுக்குக் கிளம்பினால் ஒருவரும் தடுப்பதில்லை.

அப்புறம், கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுவதற்கு எதற்குடா பிடிக்க வேண்டும் என்று. தங்கச்சி கேட்கச் சொன்னதாகப் போட்டிருக்கிறாய். அது உன் கேள்விதான் என்று எனக்குத் தெரியாதா? இங்கே டீ என்ற ஆற்றில் சால்மன் மீன் சீசன் 15ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிப்ரவரி 1 வரைக்கும் அதில் சால்மனுக்குத் தூண்டில் போட முடியாது. கையில் நேரம் இருக்கிறது, விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு இரண்டு ஆறுகள். வடக்கே டான், தெற்கே டீ. இரண்டும் மேற்கே மலையில் பிறந்து அபர்டீனில்தான் கடலில் சேர்கின்றன. டான் டிரவுட் மீனுக்குப் பேர் போனது, டீ சால்மனுக்கு. சால்மன் மீன்பிடி உரிமை இங்கே நிலத்திலிருந்து தனியாகப் பிரிந்த சொத்து. வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். நல்ல இடத்தில் ஒரு நாள் நிற்க நூற்றுக்கணக்கான பவுண்டு கேட்பார்கள். அதெல்லாம் நமக்கு ஆகாது. ஊர்ச் சங்கத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள் நான். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடுவது சட்டப்படி கூடாது. டிரவுட்டுக்கு அந்தத் தடை இல்லை. டிரவுட்டுக்கு ஏன் ஓய்வு கிடையாது என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை.

முதலில் டான் கதை. நாம் கல்லூரி நாளில் மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் உட்கார்ந்து மண்புழுவும் தக்கையுமாகக் காத்திருந்தோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபிளை என்பது ஒரு சின்ன முள்ளில் இறகும் முயல் மயிரும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது, கையால் எறிந்தால் காலடியில்தான் விழும். ஆகவே கனத்தை எறிகயிற்றில் வைத்திருக்கிறார்கள். கோலைப் பின்னால் தூக்கி நிறுத்தி, கயிறு முழுசாக நீளும் வரை பொறுத்து, முன்னால் தள்ள வேண்டும். சாட்டை வீசுவது போலத்தான், ஆனால் சொடுக்கு விழக்கூடாது. சொடுக்குச் சத்தம் கேட்டால் பூச்சி அறுந்து போய்விட்டது என்று அர்த்தம்.

ஏப்ரலில் மத்தியான வாக்கில் டானில் மார்ச் பிரவுன் என்ற பூச்சி ஆற்றடியிலிருந்து மேலே வரும். பெயரில்தான் மார்ச். பூச்சி மேலே வந்து, இறக்கை விரித்து, காயும் வரை தண்ணீரோடு மிதந்து போகும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் டிரவுட் மூக்கை நீட்டும். அதுவரை வெறுமையாகக் கிடந்த ஆற்றில் திடீரென்று இங்கொரு வளையம், அங்கொரு வளையம். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். அந்த நேரத்தில் நீ ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தால் அன்றைய நாள் போயிற்று. டிரவுட் பசிக்குத்தான் கடிக்கிறது. என்ன தின்கிறது என்று பார்த்து, அதையே கட்டி, நூல் இழுபடாமல் மிதக்க விட்டால் போதும். கணக்கு நேரானது.

சால்மனிடம் இந்தக் கணக்கு செல்லாது. கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்த சால்மன் எதையும் தின்பதில்லை. அதன் வயிறே சுருங்கிவிடும். கிரீன்லாந்துப் பக்கமும் நார்வேக் கடலிலும் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டே பல மாதம் ஆற்றில் கிடந்து, நவம்பர், டிசம்பரில் சரளைக் கல்லில் குழி பறித்து முட்டையிடும். பெரும்பாலானவை அதோடு செத்துப்போகும். ஆக, தின்னாத மீனுக்கு முன்னால் நாம் தீனியைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். ஆனாலும் சில சமயம் கடிக்கிறது. ஏன்? கோபம் என்கிறார் ஒருவர், குஞ்சாக இருந்தபோது பூச்சி பிடித்த பழக்கம் என்கிறார் இன்னொருவர். கரையில் கூட வரும் வழிகாட்டியைக் கில்லி என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கில்லி நாற்பது வருடமாக டீயில் நிற்கிறார். அவரிடம் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டு, இன்னும் இரண்டு அடி கீழே போய் எறி என்பார்.

அதுதான் வேலையே. ஆற்றுக்குக் குறுக்காகக் கீழ்நோக்கி எறிய வேண்டும். நீரோட்டம் பூச்சியை வளைத்துக் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு அடி இறங்கு, மறுபடி எறி. ஒரு மடுவை இப்படியே தலையிலிருந்து வால் வரைக்கும் துழாவ வேண்டும். கரையில் மரம் நெருங்கி நின்றால் கயிற்றைப் பின்னால் வீச இடமிருக்காது. அங்கே ஸ்பே ஆற்றுக்காரர்கள் கண்டுபிடித்த வீச்சுதான் கை கொடுக்கும்: பதின்மூன்று, பதினைந்து அடிக் கோலை இரண்டு கையாலும் பிடித்து, கயிற்றைத் தண்ணீர் மேல் ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே முன்னால் தள்ளுவது. சரியாக விழுந்த வீச்சு ஒன்றுக்காகவே நாள் முழுக்க நிற்கலாம். மீன் வந்தால் லாபம்.

உனக்குப் பிடித்த மாதிரி ஒரு சங்கதி சொல்லவா? பழைய சால்மன் பூச்சிகளில் கன்னத்தில் இரண்டு புள்ளி வைப்பார்கள். வெள்ளையும் மஞ்சளுமாக, மெழுகு ஊற்றியது போலப் பளபளக்கும் சின்னச் சின்ன இறகு. ஜாக் ஸ்காட் என்ற பூச்சியில் அது இல்லாவிட்டால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். அந்த இறகு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலிருந்து. உன் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் காலையில் கூவுமே, அதே சாம்பல் காட்டுக்கோழிதான். வெள்ளைக்காரன் காலத்தில் தோல் தோலாகக் கப்பலேறியிருக்கிறது. பின்னால் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது இங்கேயே வளர்ப்புப் பறவையிலிருந்து எடுக்கிறார்கள், யானை விலை. எனக்கு அனுப்பி வைக்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே, உன்னைப் பிடித்து உள்ளே வைப்பார்கள்.

டீ அல்ல, டே என்ற வேறொரு ஆற்றில் 1922 அக்டோபர் 7ஆம் தேதி ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் 64 பவுண்டு சால்மன் பிடித்தார். கிட்டத்தட்ட 29 கிலோ. அப்பா துடுப்புப் போட, இரண்டு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டி, இருட்டிய பிறகு படகில் ஏற்றினார்கள். மீன் இங்கே ஸ்காட்லாந்தில் இருக்கும் பெர்த் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்குச் சாப்பாடானது. நூறு வருடத்துக்கு மேலாகியும் பிரிட்டனில் அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது. அவர் பிடித்தது ஃபிளையில் அல்ல, மீன் இரை கோத்த தூண்டிலில். ஃபிளையில் பிடித்ததில் பெரியது 1924இல் டெவரன் ஆற்றில், 61 பவுண்டு. அதுவும் ஒரு பெண்தான், கிளமென்டினா மாரிசன். கிளப்பில் ஆண்கள் மீன் நீளத்தைக் கையால் காட்டிப் பேசும்போதெல்லாம் நான் இந்த இரண்டு பெயரையும் எடுத்து விடுவேன். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

அந்தக் காலத்தில் பிடித்ததைத் தின்றார்கள். உன் கேள்வி அப்போது எழுந்திருக்காது. இப்போது ஏன் விடுகிறோம் என்றால், மீன் இல்லை, அவ்வளவுதான். 2010இல் ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டிலில் அகப்பட்ட சால்மன் ஒரு லட்சத்துக்கு மேல். 2023இல் சுமார் 32,500. கணக்கு வைக்க ஆரம்பித்த 1952 முதல் அதுவரை அவ்வளவு குறைவாக இருந்ததே இல்லை. அதே வருடம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பிரிட்டன் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்தது. வெள்ளியாக மினுங்கிக் கடலுக்குப் போகும் குஞ்சில் நூற்றுக்கு ஐந்து திரும்பினால் பெரிது என்கிறார்கள். கடலோர வலையை 2016இலேயே நிறுத்தியாயிற்று. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது குற்றம். இங்கே பிடிபடுவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்ப ஆற்றுக்கே போகிறது. கடையில் நீ பார்க்கும் ஸ்காட்டிஷ் சால்மன் எல்லாம் கடலில் கூண்டு போட்டு வளர்த்தது. அந்தக் கூண்டுகளில் பெருகும் பேன் காட்டு மீனையும் தொற்றிக் கொல்கிறது என்ற சண்டை இங்கே ஓயாமல் நடக்கிறது. அதில் நான் எந்தக் கட்சி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் அந்த மீன் வாங்குவதில்லை.

கடலில் நடப்பது நம் கையில் இல்லை. ஆற்றில் நடப்பது கொஞ்சம் இருக்கிறது. டீ ஆற்றின் மேல்பகுதி பார்க்க அவ்வளவு அழகு, படமெடுக்க வருகிறார்கள். மொட்டை மலை, ஊதாப் பூ, நடுவே ஓடை. அந்த மொட்டைதான் வியாதி. ஆடும் மானும் நூற்றாண்டுக் கணக்கில் கன்றுகளை மேய்ந்துவிட்டதால் ஓடைக்கு நிழலே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் வாழப் பிறந்த மீன் இது. 23 டிகிரி தாண்டினாலே சால்மன் குஞ்சு தடுமாறும். 2018 கோடையில் ஸ்காட்லாந்தில் எத்தனையோ ஆறுகள் அதைத் தாண்டின. இப்போது ஆற்று அறக்கட்டளைக்காரர்கள் கெய்ர்ன், மியுக் மாதிரிக் கிளையோடைகளின் கரையில் பிர்ச், ஆல்டர், வில்லோ என்று நட்டுக்கொண்டு வருகிறார்கள். பத்து லட்சம் மரம் இலக்கு. மான் தின்னாமல் சுற்றிலும் வேலி. நானும் மார்ச் மாதம் போய் நட்டுவிட்டு வந்தேன். முதுகு ஒரு வாரம் பேசியது. நிழல் விழுவதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன் என்று செல்வி சொன்னாள். அவள் சொல்லும் விதத்தில் அது ஆறுதலா கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியாது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கிளப்பில் கேட்டால் நல்ல பதில் ஒன்று தயாராக வைத்திருப்பார்கள். தூண்டில்காரன் கட்டும் பணத்தில்தான் காவலாளும் மரமும் கணக்கெடுப்பும் நடக்கிறது, அவன் போய்விட்டால் ஆற்றைக் கவனிக்க ஆளில்லை என்று. பொய் இல்லை. ஆற்றில் கழிவு கலந்தால் முதலில் கூச்சல் போடுகிறவன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவன்தான். ஆனால் அது பிறகு யோசித்துச் சொல்கிற பதில். அதற்காக ஒருவனும் விடியற்காலையில் எழுந்து குளிரில் போய் நிற்பதில்லை. அந்த இழுப்புக்காகப் போகிறோம். பூச்சி வளைந்து வரும்போது, எதுவுமே இல்லாத இடத்தில் திடீரென்று கயிறு கனத்து, ரீல் கத்தத் தொடங்கும். அது எனக்கு வேண்டியிருக்கிறது. மீனுக்கு அது வேண்டியிருக்கவில்லை என்பதும் தெரியும். பாவம் என்று தங்கச்சி சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

முடிந்தவரை பாவத்தைக் குறைத்துக்கொள்கிறேன். முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவேன், அப்போது எளிதாகக் கழன்றுவிடும். மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்குவதில்லை, போட்டோ கிடையாது. அதனால்தான் நீ கேட்ட படம் வரவில்லை. தலை நீரோட்டத்தைப் பார்த்து இருக்கும்படி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, அதுவாக உதறிப் போகும் வரை நிற்பேன். பையில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன். தண்ணீர் 20 டிகிரி காட்டினால் கோலை மடக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். சூடான தண்ணீரில் களைத்த மீன் விட்டாலும் பிழைக்காது. போன ஜூலையில் பாதி நாள் அப்படித்தான் போயிற்று.

இந்த வாரம் பேன்கரிக்குப் போய் ஃபியூ அருவிப் பாலத்தில் நின்றோம். டீயில் சேரும் கிளையாறு அது. மழை பெய்து தண்ணீர் பழுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. சால்மன்கள் அருவியில் எகிறிக்கொண்டிருந்தன. பாறையில் மோதி விழும், மறுபடி எகிறும். பக்கத்தில் நின்ற குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் கத்தினார்கள், செல்வியும்தான். நான் மட்டும் எது எத்தனை பவுண்டு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புத்தி அப்படி.

உன்னிடம் ஒரு வேலை. அவலாஞ்சியில் 1907 முதல் டிரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணை இருக்கிறதே, நாம் ஊட்டிக்கு பஸ் ஏறிய நாளில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி, போனதில்லை. அங்கே இருப்பது ரெயின்போ, வட அமெரிக்க மேற்குக் கரை இனம். எங்கள் டான் டிரவுட் வேறு சாதி. முட்டி சரியானதும் யாராவது ஜீப் வைத்திருப்பவனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. தொட்டியில் இப்போது மீன் இருக்கிறதா, ஓடையில் தூண்டில் போட அனுமதிச் சீட்டு தருகிறார்களா, எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று விசாரித்து எழுது. கல்யாணத்துக்கு வரும்போது சின்னக் கோல் ஒன்றைப் பெட்டியில் வைக்கலாமா என்று பார்க்கிறேன். செல்விக்கு இது இன்னும் தெரியாது, தங்கச்சியிடம் உளறிவிடாதே.

அன்புடன்,
உன் ராசு