தூதுவரின் மேசைக்குப் போகும் கோப்பு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ பணிபுரியும் நம் தூதரகத்துக்குப் புதிய தூதுவராக வந்திருப்பவர் வெளிநாட்டுச் சேவையில் ஒரு நாளும் இருந்திராத பெருஞ்செல்வந்தர் என்றும், கட்சிக்குக் கொடுத்த பணத்துக்குக் கைமாறாகவே பதவி பெற்றவர் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். போட்டிப் பரீட்சை எழுதி வந்த உனக்கு மனக்கசப்பு வருவது இயல்பே.

இதே கொழும்புக்கு 1957இல் அப்படி ஒருவர் அமெரிக்கத் தூதுவராக வந்தார். அவர் பெயர் மக்ஸ்வெல் கிளக். பெண்களின் ஆடைகளை விற்கும் பல கடைகளுக்கு உரிமையாளர். கென்டக்கியில் பந்தயக் குதிரைப் பண்ணையும் வைத்திருந்தார். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்க செனட் சபையின் வெளியுறவுக் குழு அந்த நியமனம் பற்றி அவரை விசாரித்தபோது, 1956இல் ஆட்சியிலிருந்த குடியரசுக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று செனட்டர் புல்பிரைட் கேட்டார். எல்லாமாக இருபதாயிரம், முப்பதாயிரம் டொலர் இருக்கும் என்றார் கிளக். இலங்கையின் பிரதமர் யார் என்ற கேள்விக்கு, பழக்கமில்லாத பெயர், இப்போது சொல்ல வரவில்லை என்றார். இந்தியப் பிரதமரைத் தெரியும், பெயரைத்தான் உச்சரிக்க முடியாது என்றார்.

இதைப் பலரும் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, பிள்ளை. அந்த மாதம் 26ஆம் திகதிதான், கிளக்குக்குப் பெயர் சொல்ல வராத அதே பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் தமிழ் மொழி உரிமை, பிராந்திய சபைகள் பற்றிச் செய்துகொண்ட பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தமிழ் வீடுகளில் எல்லாம், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, அந்த இரண்டு பெயர்களையே பேசிக்கொண்டிருந்தார்கள். 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. கொழும்பிலிருந்து கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்ட குடும்பங்களுள் உன் அப்பப்பாவின் குடும்பமும் ஒன்று. ஒப்பந்தம் கைவிடப்பட்டபோதும் கலவரம் வெடித்தபோதும் வல்லரசு ஒன்றின் தூதுவர் ஆசனத்தில் இருந்தவர் கிளக். இங்கே யார் யாரோடு ஏன் முரண்படுகிறார்கள் என்பதை அறிந்த ஒருவர் அதில் இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். இருந்திருந்தால் கலவரம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை.

அவரை முற்றாகப் பழிப்பதும் நியாயமல்ல. 1957 டிசம்பர் வெள்ளத்தின் பின் அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பல் ஹெலிகொப்டர்களோடு வந்து உதவியது அவர் காலத்திலேதான். குற்றம் நியமித்தவர்களுடையது. தேர்தல் நன்கொடை தூதுவர் நியமனத்துக்குக் காரணமாகக் கூடாது என்று அமெரிக்கர்கள் 1980இல் சட்டத்திலேயே எழுதினார்கள். ஆனாலும் இரு கட்சிகளின் ஜனாதிபதிகளும் நன்கொடையாளர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நம் பாராளுமன்றத்திலும் தூதுவர் நியமனங்களை ஆராயும் உயர் பதவிகள் பற்றிய குழு இருக்கிறது. அதில் புல்பிரைட்டைப் போல முகத்துக்கு நேரே கேட்கும் ஓர் உறுப்பினராவது எப்போதும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

உன் தூதுவரை நீ தேர்ந்தெடுக்கவில்லை. அவர் மேசைக்குப் போகும் கோப்பு மட்டும் உன் கையில் இருக்கிறது. நீ பணிபுரியும் நாட்டு அமைச்சர்களின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிப்பு மாறாமல் எழுதி, ஒவ்வொருவரும் எந்த ஊர், எந்தக் கட்சி, நம் தொழிலாளர் விடயத்தில் என்ன நிலைப்பாடு என்று இரண்டு வரி சேர்த்துக் கொடு. முதற் சந்திப்புக்கு முன் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அருகில் இருந்து வாசித்துக் காட்டு. அவர் கேட்க மறுத்தால், கொடுத்த திகதியைக் குறித்து ஒரு பிரதியை அலுவலகக் கோப்பில் வைத்துவிடு. உனக்குப் பின் அந்த மேசைக்கு வருபவருக்கு அது உதவும்.

அன்புடன்,
அப்பா