கலாவுக்கு, அந்தக் கையேட்டைப் படித்த பிறகு

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெரியவள் தேர்வெழுதி முடித்துவிட்டாள். உன் தம்பி உன்னையும் சேரச் சொல்லும் அந்தக் கம்பெனியைப் பற்றி நீ அனுப்பிய கையேட்டை முழுவதும் படிக்காமல் எழுதக் கூடாது என்றுதான் பதில் தள்ளிப்போனது.

முதலில் உன்னோடு ஒரு சண்டை. கம்பெனியில் சேர்ப்பதற்காகத் தம்பி உன்னை எழுதச் சொன்ன நூறு பேர் பட்டியலில் நான் ஒன்பதாவதா? விடுதியில் ஒரே அறையில் உன் குறட்டையைச் சகித்துக்கொண்டு கிடந்தவளுக்கு முன்னால் வார்டன் அக்கா எப்படி வந்தார்? நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "இது எம்.எல்.எம்., பிரமிடு இல்லை. பொருள் இருக்கிறது, கம்பெனி முறையாகப் பதிவு பெற்றது" என்று தம்பி அடித்துச் சொல்வதாக எழுதியிருந்தாய். எம்.எல்.எம். என்றால் ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துப் பொருள் விற்பது. பிரமிடு என்றால் பொருள் பெயருக்குத்தான், புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணம் முன்னால் சேர்ந்தவருக்குப் போகும் மோசடி. அந்த இரண்டு காரணங்களும் போதாது, கலா. ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்குத்தான் பதிவு சான்று. அது எந்த வழியில் சம்பாதிக்கிறது என்பதைப் பதிவு சொல்லாது. பொருளும் அப்படித்தான். அமெரிக்காவில் காஸ்காட் என்ற கம்பெனி அழகுசாதனப் பொருள்களை விற்றது. மேல்நிலை விநியோகஸ்தராக வேண்டுமானால் 5,000 டாலர் கட்ட வேண்டும். பிறகு இன்னொருவரைக் கட்ட வைத்தால் அதில் பங்கு கிடைக்கும். 1975-இல் அந்நாட்டின் வணிகத்தைக் கண்காணிக்கும் ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதைப் பிரமிடு என்றே தீர்ப்பளித்தது. அப்போது வகுத்த அளவுகோல்தான் இன்றும் உதவுகிறது: ஆள் சேர்ப்பதற்குக் கிடைக்கும் பணம், பொருளைக் கடைசியில் பயன்படுத்துகிறவருக்கு விற்றதோடு தொடர்பில்லாமல் வருகிறதா? வந்தால் பிரமிடு.

தம்பி நிச்சயம் ஆம்வே என்ற எம்.எல்.எம். கம்பெனி மீதான தீர்ப்பைக் காட்டுவான். எல்லாக் கூட்டங்களிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். 1979-இல் அதே ஆணையம் ஆம்வே பிரமிடு அல்ல என்றது உண்மை. ஏன் அப்படிச் சொன்னது என்பதைக் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது மாதந்தோறும் விற்றிருக்க வேண்டும், குறைந்தது பத்து வாடிக்கையாளர்களுக்குச் சில்லறையாக விற்றிருக்க வேண்டும், விலகுகிறவரின் விற்காத சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அங்கே விதிகள் இருந்தன. அவை நடைமுறையிலும் இருந்ததாக ஆணையம் ஏற்றுக்கொண்டது. வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதற்காக அதே தீர்ப்பில் ஆம்வேயைக் கண்டித்தும் இருக்கிறது. பின்னாளில், 1996-இல், ஆம்னிட்ரிஷன் என்ற இன்னொரு எம்.எல்.எம். கம்பெனியின் வழக்கில் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: இப்படிப்பட்ட விதிகள் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் வேலை செய்ய வேண்டும்.

இப்போது உன் கையேட்டுக்கு வருவோம். விற்பனையைப் பற்றி ஒரே ஒரு பத்தி. ஆள் சேர்ப்பதற்குப் பக்கம் பக்கமாக வட்டங்களும் அம்புகளும். கமிஷன் பெறும் தகுதி நீடிக்க மாதாமாதம் இவ்வளவு புள்ளிகளுக்கு "சொந்தக் கொள்முதல்" செய்ய வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நீ யாருக்கும் ஒரு டப்பாகூட விற்காவிட்டாலும் பரவாயில்லை, வாங்கினால் போதும். உனக்குக் கீழே சேருகிறவரும் அப்படியே வாங்க வேண்டும். அந்த வாங்குதலைத்தான் அவர்கள் விற்பனை என்று கணக்கு எழுதுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு காசும் உள்ளே வராமல், சேர்ந்தவர்களின் பணமே மேலே ஏறிக்கொண்டிருக்கும். தங்க நிலையிலிருந்து தொடங்கு என்று தம்பி உன்னை அந்தப் பெரிய பொடிப் பெட்டியை வாங்கச் சொல்வதும் இதற்குத்தான். அதைக் குடித்துத் தீர்க்க உன் வீட்டில் ஆள் இருக்கிறதா?

அந்த வட்டங்களை ஒரு தாளில் எண்ணிப் பார். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். அந்த ஆறு பேர் 36 பேரை, அவர்கள் 216 பேரை. அந்த 216 பேருக்கு மேலே இருப்பவர்கள் எல்லோரையும் கூட்டினால் 43. இன்னும் ஓர் அடுக்கு சேர்ந்தாலும் கதை மாறாது. எங்கே நின்றாலும் நூற்றுக்கு 83 பேருக்குக் கீழே யாருமே இருக்க மாட்டார்கள். உழைப்பு போதவில்லை, நம்பிக்கை போதவில்லை என்று அவர்களைத்தான் மேடையில் குறை சொல்வார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். அந்த 83 பேரில் மிகக் கடுமையாக உழைத்தவனும் இருப்பான்.

எல்லா எம்.எல்.எம்.மும் மோசடி என்று நான் சொல்லவில்லை. கோடு பல இடங்களில் மங்கலாகத்தான் இருக்கிறது. 2016-இல் ஹெர்பலைஃப் என்ற எம்.எல்.எம். கம்பெனி 20 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த அமெரிக்க ஆணையம் அதைப் பிரமிடு என்று அறிவிக்கவில்லை. ஆனால் விநியோகஸ்தர்களுக்குத் தரும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்காவது சரிபார்க்கக்கூடிய சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. சட்டத்துக்கு உட்பட்ட திட்டத்திலும் ஒருவர் கைப்பணத்தை இழக்க முடியும். அதனால் பெயரை விடு, இதை மட்டும் யோசி: கமிஷனே இல்லை என்றால் அந்தப் பொடியை அந்த விலைக்கு நீ வாங்குவாயா? வார்டன் அக்கா வாங்குவாரா?

என் கவலை உன் பணத்தைப் பற்றி மட்டும் இல்லை. அவன் வேலையை விட்டுவிட்டான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் திக்கென்றது. சந்தேகப்படுகிறவர்களிடமிருந்து விலகி இரு என்று அந்தக் கூட்டங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீ கத்தினால் அவன் உன்னையும் விலக்கிவிடுவான். திட்டாதே. அவனுக்கு மேலே இருப்பவரின் கணக்கைக் கேட்கச் சொல். வந்த கமிஷனை மட்டும் காட்டினால் போதாது. வாங்கிய சரக்கு, கூட்டத்துக்கான டிக்கெட், அலைந்த செலவு எல்லாம் கழித்துக் கடந்த ஆண்டு கையில் என்ன மிஞ்சியது என்று காட்டட்டும். கம்பெனியோடு சம்பந்தமே இல்லாமல், பொருளுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் அவரிடம் எத்தனை பேர் என்பதையும் சொல்லட்டும்.

திரும்ப வாங்கிக்கொள்ளும் விதி இருக்கும் பக்கம் நீ அனுப்பியதில் இல்லை. அதைப் படம் எடுத்து அனுப்பு. ஞாயிறு காலை அழைக்கிறேன், தம்பியையும் கூட உட்கார வை. அதுவரை எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
சுமதி