பியர் ஏன் போகவில்லை

பாப்பா,

ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜாவா புரோகிராம் போட்டோவைக் காலையில்தான் பார்த்தேன். ஃபோனில் சொன்னால் பஸ் இரைச்சலில் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நான்கெழுத்து வார்த்தைகளை லிஸ்டிலிருந்து நீக்க வேண்டும், அதுதானே கணக்கு? ஆப்பிள், கிவி, பியர், மேங்கோ, பிளம். ஆங்கில ஸ்பெல்லிங்கில் கிவி, பியர், பிளம் மூன்றும் போக வேண்டும், உனக்கு பியர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நான்கெழுத்தா என்று பார்க்கும் இஃப் கண்டிஷனில் தப்பே இல்லை, நீ அதைத்தான் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாய் போல. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்து கட்டம் போட்டு, மேலே பூஜ்யத்திலிருந்து நான்கு வரை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துக்கொண்டு போகும் உன் லூப்பில், கட்ட எண்ணாக வரும் ஐ ஒன்றாக இருக்கும்போது கிவியை எடுத்தாய், சரி. எடுத்ததுமே பியர் இரண்டாம் கட்டத்திலிருந்து ஒன்றுக்கு நகர்ந்துவிட்டது, உன் லூப்போ ஐ-யை இரண்டாக்கிக்கொண்டு நேரே மேங்கோவிடம் போய்விட்டது. பியரை அது பார்க்கவே இல்லை.

பின்னாலிருந்து வா. ஐ-யை சைஸ் மைனஸ் ஒன்றில், அதாவது கடைசிக் கட்டத்தில், தொடங்கி பூஜ்யம் வரை குறைத்துக்கொண்டே போனால், நகர்வதெல்லாம் நீ ஏற்கெனவே பார்த்து முடித்ததாகத்தான் இருக்கும்.

கட்ட எண் இல்லாமலே ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார்-ஈச் லூப்புக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். மாற்றினால், லூப் ஓடும்போதே லிஸ்டை மாற்றுகிறாய் என்று கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸப்ஷன் என்ற எரர் வரும், வந்தால்கூடப் பரவாயில்லை, கடைசிக்கு முந்தைய வார்த்தையை நீக்கினால் எரரே வராமல் லூப் கமுக்கமாக முடிந்துவிடும், கடைசி வார்த்தையைத் தொடாமலே! 2014-இல் ஜாவா 8 வந்ததிலிருந்து, கண்டிஷனுக்குப் பொருந்துவதையெல்லாம் நீக்கும் ரிமூவ்இஃப் இருக்கிறது, ஒரே வரி வேலை. ஆனால் இப்போது அதைத் தொடாதே, லூப் பழகத்தானே இந்தக் கணக்கே.

அடுத்த கணக்கில் இரண்டு வார்த்தைகளை ஒப்பிட இரட்டைச் சமக்குறி போட்டிருக்கிறாய். கோடிலேயே எழுதிவைத்த வார்த்தைகளுக்கு ஓடும், கீபோர்டிலிருந்து வாங்கும் ஸ்கேனரில் டைப் செய்து கொடுத்தால் காலை வாரிவிடும். ஈக்வல்ஸ் போடு, அதுதான் எழுத்துகளை ஒப்பிடும். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த காலத்தில் மொத்த வகுப்புக்கும் முன்னால் இதே தப்பைச் செய்து அசடு வழிந்திருக்கிறேன்.

அப்புறம், சும்மா தமிழிலும் ஓட்டிப் பார்த்தேன். 'அம்மா' என்று கொடுத்தால் லெங்த் ஐந்து என்கிறது. அ, ம, புள்ளி, இன்னொரு ம, துணைக்கால் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது ஜாவா. மூன்றெழுத்துதானே, உங்களுக்கு எண்ணக்கூடத் தெரியாதா என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து என்னைத் திட்டுகிறாள்.

ஓடினதும் போட்டோ அனுப்பு.

அப்பா