சனிக்கிழமை டாபிக்: ஷெஃபீல்டு எஃப்சி

மக்களே, சனிக்கிழமை நைட் 8 மணிக்கு குரூப்ல இங்கிலாந்தோட ஷெஃபீல்டு எஃப்சிங்கிற ஃபுட்பால் கிளப் பத்தி பேசுறோம். ஷெஃபீல்டு யுனைடெட் இல்ல, ஷெஃபீல்டு வெட்னஸ்டேங்கிற இன்னொரு கிளப்பும் இல்ல, அதே ஊர்ல 1857 அக்டோபர் 24 அன்னிக்கு நேத்தனியல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச கிளப், இன்னிக்கும் ஆடிட்டு இருக்கிற கிளப்கள்லயே உலகத்துல பழசு இதுதான்.

ஆரம்பத்துல எதிர்த்து ஆட வேற டீமே கிடையாது, அதனால கல்யாணம் ஆனவங்க ஒரு பக்கம் ஆகாதவங்க ஒரு பக்கம்னு தங்களுக்குள்ளயே பிரிச்சு ஆடுனாங்க, அப்புறம் 1860 டிசம்பர் 26 ஹாலம்ங்கிற இன்னொரு கிளப் கூட முதல் மேட்ச், 2-0 ஜெயிச்சாங்க. ரூல்ஸ் கூட இவங்களே எழுதுனதுதான், 1858ல, அதுல பந்தை கையால கேட்ச் புடிச்சா ஃப்ரீ கிக் உண்டு!

2004ல ஃபிஃபா நூற்றாண்டு விருது வாங்குன கிளப் ரெண்டே ரெண்டு தான், ரியல் மாட்ரிட், இன்னொண்ணு இவங்க. 2011ல கையால எழுதுன அந்த 1858 ரூல்ஸ் பேப்பரையே ஏலத்துல வித்துட்டாங்க, 8,81,250 பவுண்டுக்கு. எனக்கு அது ரொம்ப வலிக்குது, ஆனா செமி புரொஃபஷனல் கிளப்புக்கு காசு வேற எங்கேருந்து வரும் சொல்லுங்க.

2001ல இருந்து ஷெஃபீல்டு பக்கத்து ஊரான டிரான்ஃபீல்டுல ஒரு பப்புக்கு பக்கத்துல இருந்த கிரவுண்ட்ல ஆடுனாங்க, அந்த போட்டோ வச்சிருக்கவங்க முன்னாடியே போட்டுடுங்க ப்ளீஸ். பிரீமியர் லீக் ஸ்கோர் ஃபார்வர்டு அன்னிக்கு மட்டும் வேணாம்.