ரயில் பயணிகளுக்குக் கிடைக்காத இணைப்புப் பேருந்து: புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் ரயிலிலும் பேருந்திலும் அன்றாடம் வந்துபோகும் பயணி

பெறுநர்:
மேலாளர், இயக்கப் பிரிவு
(நகல்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு)

பொருள்: மத்திய நிலையத்தில் ரயிலிலிருந்து பேருந்துக்கு மாற ஆகும் நேரத்தைக் குறைக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் ரயிலில் வந்து மத்திய நிலையத்தில் இறங்கி, தங்கள் பேருந்திலேயே வீட்டுக்குப் போகும் பயணி நான். இதே விஷயமாகச் செயலியில் ஏற்கெனவே புகார் கொடுத்தேன். “ரயிலும் பேருந்தும் குறித்த நேரத்தில்தான் இயங்குகின்றன” என்று பதில் வந்தது. உண்மைதான், இரண்டும் நேரத்துக்குத்தான் ஓடுகின்றன. அப்படி ஓடும் நாளிலேயே ஒன்றிலிருந்து இறங்கியவர் இன்னொன்றைப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் என் புகார். தனித்தனியாகப் பார்த்தால் இதில் குறையே தெரியாது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

மாலை ரயில் 6.00 மணிக்கு வருகிறது. இணைப்புப் பேருந்து 6.05-க்குப் புறப்படுகிறது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்து பேருந்து நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர 7 நிமிடம் பிடிக்கிறது. அடுத்த பேருந்து 6.20-க்கு. ரயிலும் பேருந்தும் 15 நிமிடத்துக்கு ஒன்று என்பதால் 6.15 ரயிலில் வந்தாலும் 6.30 ரயிலில் வந்தாலும் இதே நிலைதான். பழைய அட்டவணையில் இந்த இணைப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. ரயில் நேரத்தை மாற்றியபோது பேருந்து நேரத்தை யாரும் தொடவில்லை.

புதிய அட்டவணையால் ரயில் பயணம் 3 நிமிடம் குறைந்திருப்பதாக நிலையம் முழுக்க ஒட்டியிருக்கிறீர்கள். இறங்கியபின் 13 நிமிடம் நின்று காத்திருக்கும் எங்களுக்கு அந்த 3 நிமிடத்தால் என்ன பயன்? காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குச் சமமாக வைத்துக் கணக்கிடுவது போக்குவரத்துத் திட்டமிடலில் வழக்கம். தங்கள் திட்டப் பிரிவுக்கும் இது தெரிந்திருக்கும். பயணிக்கு ஒரே பயணம்தான். வீட்டு வாசலில் போய் இறங்கும்போதுதான் அது முடிகிறது.

சுவிட்சர்லாந்து ரயில்வே இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். 1982-லேயே நாடு முழுவதும் சீரான இடைவெளியில் வண்டிகள் ஓடும் அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். 2004 டிசம்பரில் புதிய பாதையைத் திறந்து, சூரிச்சுக்கும் பெர்னுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பயணத்தை 56 நிமிடமாக்கினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் போதும் என்பதுதான் இலக்கு. அப்போதுதான் வண்டிகள் எல்லாம் முழு மணிக்குச் சற்று முன் சந்திப்பு நிலையத்துக்கு வந்து சேரும், மக்கள் மாறி ஏறியதும் சற்றுப் பின் கிளம்பும். எவ்வளவு வேகம் வேண்டும் என்பதையே மாறி ஏறும் பயணியை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். நான் புதிய பாதை கேட்கவில்லை. பேருந்தை 5 நிமிடம் தள்ளி, 6.10-க்கு எடுக்கச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்து, அந்த 7 நிமிட நடை. நடைமேடையின் பின்கோடியில் ஒரு பக்கவாசல் இருக்கிறது. அதைத் திறந்தால் நேரே பேருந்து நிறுத்தம். இப்போது ஷட்டரை இறக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஷட்டரின் துளைகள் வழியாகப் பார்த்தால் நாங்கள் ஏற வேண்டிய பேருந்தின் எண் பலகை வாசிக்கும் தூரத்தில் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பி, நடைமேடை நெடுக நடந்து, மாடிக்கு ஏறி, டிக்கெட் வாயிலில் வரிசையில் நின்று கார்டைத் தொட்டு, மறுபடி இறங்கிச் சுற்றி வர வேண்டும். லிஃப்ட் இருப்பதோ எதிர்க்கோடியில். முழங்கால் வலியோடு வரும் பெரியவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் 7 நிமிடத்தில் வந்துவிட முடியாது. அந்த வாசலில் கார்டு வாசிக்கும் இரண்டு இயந்திரங்களை வைத்து, குறைந்தது மாலை நெரிசல் நேரத்திலாவது திறந்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் என்று அடுத்தடுத்த இரு நிலையங்களில், இறங்கிய நடைமேடையின் மறுபக்கத்திலேயே அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். ஒரு திசைக்கு ஒரு நிலையம், மற்றதற்கு அடுத்த நிலையம் என்று கட்டும்போதே யோசித்திருக்கிறார்கள். கட்டி முடித்த நம் நிலையத்தை அப்படி மாற்ற முடியாது, சரி. கட்டிய வாசலைத் திறக்கலாம் அல்லவா?

ஓட்டுநர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். நாங்கள் ஓடி வருவதைப் பார்த்துவிட்டுக் கதவை மூட வேண்டியிருப்பது அவர்களுக்கும் வேதனைதான். ஒருவரிடம் கேட்டபோது, “ரெண்டு நிமிஷம் லேட்டா எடுத்தா ரிப்போர்ட்ல என் பேர்தான் வரும்” என்றார். ரயில் தாமதமானால் எத்தனை நிமிடம் வரை பேருந்து காத்திருக்கலாம் என்று எழுத்தில் ஒரு விதி கொடுங்கள். ரயில் எங்கே வருகிறது என்ற விவரம் பேருந்து நேரக் கண்காணிப்பாளருக்குப் போகட்டும். காத்திருந்த நிமிடங்கள் ஓட்டுநர் கணக்கில் ஏறக் கூடாது.

கடைசிப் பேருந்துக்கு இந்த விதி கட்டாயம் வேண்டும். மற்ற நேரத்தில் தவறவிட்டால் 13 நிமிடத்தோடு போயிற்று. இரவு கடைசிப் பேருந்து போய்விட்டால் அதற்கப்புறம் எதுவும் இல்லை. அந்த நேரத்து ரயிலில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். பெண்கள் இருட்டில் தனியாக நடந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். கடைசி ரயில் வந்து, பயணிகள் ஏறி முடிக்கும்வரை அந்தப் பேருந்து நகரக் கூடாது. மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டி நேரத்துக்கு வந்ததா என்று மட்டும் அறிக்கை வெளியிடுகிறீர்கள். ரயில் கதவு திறந்ததிலிருந்து பேருந்து புறப்படும்வரை பயணிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அளந்து அதில் சேர்க்க வேண்டுகிறேன். கார்டு பதிவுகளிலிருந்தே பெருமளவு தெரிந்துவிடும்.

பேருந்து நேர மாற்றம், பக்கவாசல், கடைசிப் பேருந்து ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக, எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும். முடியாது என்றால் அதற்கான காரணத்தை எழுதவும். செயலியில் வந்த பதிலே திரும்ப வந்தால், இக்கடிதத்தின் நகலோடு போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்றாடப் பயணி

இணைப்பு: ரயில், பேருந்து மாலை நேர அட்டவணைகள், பூட்டியிருக்கும் பக்கவாசலின் புகைப்படம்